கற்பனை பொய்யாகுமா?

நடவாத ஒன்றை நடந்ததாகச் சொல்வது பொய், பொய் பாவம், ஆகவே கற்பனைக் கதை எழுதுகின்றவரும் அதைப் படிக்கின்றவரும் பாவத்தில் பங்காளிகள். இவ்வாறு மூன்றே அடிகளில் தீர்ப்பு வழங்கிவிடுகின்ற பெரியவர்கள் நம் குடும்பங்களில் இன்றும் உள்ளனர். பிள்ளையின் கையில் பாடநூலல்லாத ஒரு நூலைக் கண்டால் அவர்கள் முகம் சுருங்கும். அந்நூலில் பூதங்களும் பேசும் பறவைகளும் வருகின்றன என்று அறிந்தாலோ, அந்நூல் பரணுக்குப் போய்ச் சேரும்.

இவர்களுக்கு நேர் எதிரில் நிற்பது வேறொரு சாரார். அவர்கள் இளைஞர்கள், எழுத்தார்வம் உடையவர்கள். இலக்கணம் என்பது வெறும் எலும்புக்கூடு என்பதும், ஸர்ஃபும் நஹ்வும் நன்னூலும் நெட்டுருப் போடுவோர்க்கே உரியவை என்பதும், கற்பனை சிறகடிக்க வேண்டுமாயின் அந்த விலங்குகளைக் கழற்றி எறிய வேண்டும் என்பதும் இவர்கள் கட்சி.

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதுகின்றனர். ஆயினும் இருவர் செய்யும் பிழையும் ஒன்றே. அறிவை ஓர் அறையிலும் கற்பனையை மற்றோர் அறையிலும் இட்டு, இடையில் சுவர் எழுப்பியவர்கள் இவர்கள். ஒருவர் இந்த அறையில் அமர்ந்துகொண்டு அந்த அறையைத் தூற்றுகிறார். மற்றவர் அந்த அறையில் அமர்ந்துகொண்டு இந்த அறையைத் தூற்றுகிறார். சுவர் என்னவோ ஒன்றுதான்.

அந்தச் சுவரைத் தம் வாழ்நாள் முழுதும் ஏற்க மறுத்த மனிதர் ஒருவரைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். அவர் நம் நாட்டினரும் அல்லர். நம் சமயத்தினரும் அல்லர். ஆங்கிலேயர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் பழைய ஆங்கிலம் போதித்த பேராசிரியர். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் படித்த 'ஹாபிட்', 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் கற்பனைக் கதைகளின் ஆசிரியர் ஜான் ரொனால்ட் ரூயல் டோல்கீன் அவர். நன்மையை எங்குக் கண்டாலும் எடுத்துக்கொள்ளத் தயங்காத சமுதாயம் நம்முடையது. எனவே அவர் வாழ்க்கையைச் சற்றே நிதானமாக நோக்குவதில் தவறில்லை.

டோல்கீன் 1892 ஜனவரி 3-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்பான்டீன் நகரில் பிறந்தார். அன்னையுடன் இங்கிலாந்து வந்திருந்த வேளையில், 1896-இல் தந்தையார் ஆப்பிரிக்காவிலேயே காலமானார். இரண்டு ஆண் மக்களுடன் தனித்து நின்ற மேபல் என்னும் அவ்வம்மையார் 1900-இல் கத்தோலிக்க நெறியைத் தழுவினார். அதனைப் பொறாத உறவினர் பொருளுதவியை நிறுத்திவிட்டனர். வறுமையிலும் அவர் தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. மக்களின் கல்வியையும் கைவிடவில்லை. லத்தீன் மொழியின் தொடக்கப் பாடங்களை மகனுக்குக் கற்பித்தவர் அந்த அன்னையேயாவார். நீரிழிவு நோய்க்கு இன்சுலின் கண்டறியப்படாத காலம் அது. 1904-இல், முப்பத்து நான்கே வயதில், அவர் உயிர் நீத்தார். பன்னிரண்டு வயதில் தந்தையும் தாயும் அற்ற யத்தீமாக நின்ற சிறுவனைப் பிரான்சிஸ் மோர்கன் என்னும் பாதிரியார் பொறுப்பேற்று வளர்த்தார்.

பெற்ற தாயின் மடியே பிள்ளைக்கு முதல் மத்ரசா என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். அந்த மடியில் இச்சிறுவன் பெற்றது பொன்னோ பொருளோ அன்று. சொல்லின் மீது தீராத காதல். பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் பயின்றான். பழைய ஆங்கிலத்தைத் தேடிச் சென்று கற்றான். வேல்ஸ் மொழியின் ஓசையிலும் பின்லாந்து மொழியின் ஓசையிலும் மயங்கினான். பிற சிறுவர் பந்தாடிய வயதில் இவன் புதிய மொழிகளை ஆக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். 1911-இல் ஆக்ஸ்போர்டில் சேர்ந்து, 1915-இல் ஆங்கில மொழி இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறினான்.

முதல் உலகப் போருக்குப் பின்னர், 1919 முதல் 1920 வரை, ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதித் தொகுப்புப் பணியில் டோல்கீன் அமர்ந்தார். ஆங்கில நெடுங்கணக்கின் 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும் சொற்கள் அவர் பங்கில் விழுந்தன. கடல் விலங்காகிய 'வால்ரஸ்' என்னும் ஒரு சொல்லின் வேரைக் காணப் பலமுறை எழுதி எழுதித் திருத்தினார். வாழ்நாளில் வேறெந்தக் காலத்திலும் இத்துணைக் குறுகிய பொழுதில் இத்துணை அதிகமாகக் கற்றதில்லை என்று பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். அதன் பின் லீட்ஸ் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பணி. 1925 முதல் 1959 வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள், ஆக்ஸ்போர்டில் பேராசிரியப் பணி.

பேராசிரியர் என்றவுடன் செல்வச் செழிப்பு என்று எண்ணிவிட வேண்டா. நான்கு மக்களைப் பெற்ற குடும்பம். செலவை ஈடுகட்டக் கோடை விடுமுறையிலும் பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு அந்தச் சலிப்பைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அப்படித் திருத்துகையில், மாணவன் ஒருவன் எழுதாமல் விட்டிருந்த வெற்றுப் பக்கம் ஒன்றில், வளையில் வாழும் 'ஹாபிட்' என்னும் உயிரைக் குறித்து ஒரு வாக்கியத்தை எழுதி வைத்தார். ஹாபிட் என்றால் என்ன என்பது அப்பொழுது அவருக்கே தெரியாது! சொல் முதலில் வந்தது. அச்சொல்லுக்கு உரியவன் யார், அவன் எத்தகையவன் என்று கண்டறிவதற்காகவே கதை பின்னர் வந்தது.

அந்தக் கதையை நூலாக்கலாமா என்பதை முடிவு செய்யப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் தம்முடைய பத்து வயது மகன் ரேய்னரிடம் அதனைப் படிக்கக் கொடுத்தார். ஒரு ஷில்லிங் கூலி பெற்றுக்கொண்டு அச்சிறுவன் நல்ல மதிப்புரை வழங்கினான். 1937 செப்டம்பர் 21-இல் 'ஹாபிட்' வெளிவந்தது. முதற் பதிப்பின் 1500 படிகளும் அவ்வாண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. தொடர்ச்சி வேண்டும் என்றார் பதிப்பாளர். அந்தத் தொடர்ச்சியை எழுதி முடிக்க டோல்கீனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதுவே 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. போருக்குப் பின் காகிதத் தட்டுப்பாடும் விலையேற்றமும் நிலவிய காரணத்தால், ஒரே நூலாக எழுதப்பட்ட அது மூன்று பாகங்களாக 1954-லும் 1955-லும் வெளியாயிற்று. ஆயிரம் பவுன் வரை நட்டம் வரக்கூடும் என்று அஞ்சியே பதிப்பகத்தார் அச்சிட்டனர். அன்று ஒரு ஷில்லிங் பெற்ற சிறுவன் ரேய்னர்தான், வளர்ந்து ஆளாகி, அதனை வெளியிடப் பாடுபட்டவர்.

இனி வழக்கிற்கு வருவோம்.

முதற் குற்றச்சாட்டு: கற்பனை பொய். இதைச் சொல்கின்ற அன்பர்களைக் கேட்கிறோம்: பொய்யின் இலக்கணம் யாது? உண்மையல்லாததை உண்மை என்று கேட்பவரை நம்ப வைக்கும் நோக்கம் இல்லாத இடத்தில் பொய் எங்கிருந்து வரும்? வீரன் ஒருவனைச் சிங்கம் என்று புகழ்ந்தவனைப் பொய்யன் என்று யாரும் ஏசுவதில்லை. நம் மத்ரசாக்களில் ஓதப்படும் பலாகத் கலையில் இந்த ஐயத்துக்கு விடை கூறப்பட்டிருக்கிறது. உருவகத்தைப் பொய்யிலிருந்து பிரித்துக் காட்டுவது கரீனா, அதாவது சொல்பவன் நேர்ப்பொருளைக் கருதவில்லை என்று காட்டும் குறிப்பு என்று இமாம் கஸ்வீனியின் 'தல்கீஸ்' கூறுகிறது. பொய்யன் அத்தகைய குறிப்பை மறைக்கிறான். புலவன் அதை வெளிப்படையாக நாட்டுகிறான். டோல்கீனின் கதையில் மரம் நடக்கிறது, கழுகு பேசுகிறது. இதைவிடத் தெளிவான கரீனா வேறென்ன வேண்டும்?

இன்னும் ஒரு சான்று. பஸ்ராவைச் சேர்ந்த அல்ஹரீரி (இறப்பு ஹிஜ்ரி 516, கி.பி. 1122) இயற்றிய 'மகாமாத்' என்னும் நூலை அறியாத அரபி மாணவர் உண்டா? அதிலுள்ள ஐம்பது கதைகளும் கற்பனை. அபூ ஸைது என்னும் சாமர்த்தியக்கார நாடோடியும் அவன் கதையைச் சொல்லும் ஹாரிஸும் ஆசிரியர் படைத்துக்கொண்ட பாத்திரங்கள். இக்குற்றச்சாட்டு தம்மீதும் பாயும் என்பதை ஹரீரி அன்றே உணர்ந்திருந்தார். ஆகவே முன்னுரையிலேயே மறுமொழி எழுதி வைத்தார். வாயில்லாப் பிராணிகளையும் உயிரற்ற பொருள்களையும் பேச வைத்துக் கதை சொன்னவர்களை யாரும் பாவிகள் என்று ஒதுக்கியதில்லை என்று அவர் எடுத்துக் காட்டுகிறார். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற நபிமொழியை நினைவூட்டுகிறார். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாக நம் ஆலிம்கள் அந்நூலைப் பாடமாக நடத்தி வந்துள்ளனர். கற்பனை பொய் என்றால் அவ்வளவு பேரும் பொய்யைப் பாடம் நடத்தியவர்களா? கூறுவோர் சிந்தித்துக் கூற வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு: இது சிறுபிள்ளைகளுக்கு உரியது, வளர்ந்தவர் படிப்பது வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் கோழைத்தனம். இதை நம் பெரியவர்கள் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற திறனாய்வாளர் எட்மண்ட் வில்சனும் 1956-இல் சொன்னார். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலைச் சிறுபிள்ளைக் குப்பை என்னும் பொருள்படவே அவர் எள்ளி நகையாடினார்.

தப்பியோடியவர் யார் என்பதைப் பார்ப்போம். 1916-இல் டோல்கீன் பிரான்சின் சோம் போர்முனையில் பதுங்கு குழிகளில் நின்றார். பள்ளிப் பருவம் தொட்டு உயிருக்குயிராய்ப் பழகிய நண்பர் நால்வரில் அவர் ஒருவர். ராப் கில்சன் அப்பெரும்போரின் முதல் நாளாகிய ஜூலை 1-இலேயே மடிந்தார். ஜெப்ரி ஸ்மித் அவ்வாண்டு டிசம்பரில் குண்டுக் காயத்தால் மடிந்தார். டோல்கீன் பேன்களால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சலால் தாக்குண்டு இங்கிலாந்து திரும்பினார். நோய்ப் படுக்கையில் கிடந்தபடி அவர் எழுதத் தொடங்கிய கதைகளே பிற்காலப் படைப்புகள் அனைத்துக்கும் வித்து. மரணத்தை முகத்துக்கு முகம் கண்டவனின் கதைகள் அவை. அவருடைய கதைத் தலைவன் ஃப்ரோடோ வெற்றியோடு ஊர் திரும்புகிறான். ஆனால் உள்ளத்துப் புண் ஆறாமல், காப்பாற்றிய ஊரிலேயே வாழ முடியாமல் விடைபெற்றுப் போகிறான். தப்பியோடும் கதையில் இத்தகைய முடிவு வருமா?

இவ்வினாவுக்கு டோல்கீனே 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக் கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் விடை தந்தார். சிறையில் அடைபட்டவன் தன் வீட்டை நினைப்பதும், போர்க்களத்தை விட்டுக் கோழை ஓடுவதும் ஒன்றல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டையும் 'தப்புதல்' என்ற ஒரே சொல்லால் வழங்கிக் குழப்புகின்றனர் என்றார். அற்புதக் கதைகள் பிள்ளைகளுக்கு மட்டும் உரியன என்ற எண்ணத்தையும் அவர் அங்கு மறுத்தார். பெரியவர்கள் தமக்கு வேண்டாமென்று ஒதுக்கிய பழைய நாற்காலி மேசைகள் பிள்ளைகளின் அறைக்குப் போவது போலத்தான் இக்கதைகளும் போயின என்றார். எவ்வளவு பொருத்தமான உவமை!

மூன்றாவது குற்றச்சாட்டு சற்று எடையுள்ளது: இக்கதைகளில் மாயமும் மந்திரமும் வருகின்றனவே, இவை பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுக்காவா? இந்த அச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் நூலைப் படித்த பின் தீர்ப்புக் கூறுவதுதான் நீதி. அக்கதையின் நடுநாயகம் ஒரு மோதிரம். அணிந்தவனுக்கு ஆற்றல் தரும்; அணிய அணிய அவனை அடிமையாக்கும். வேறு கதைகளில் தலைவன் மந்திரப் பொருளைத் தேடிப் போவான்; இங்கோ கையில் உள்ளதை அழிப்பதற்காகப் போகிறான். நல்லோர் சிலர், நன்மைக்காகவே அதைப் பயன்படுத்தலாம் என்கின்றனர். அறிவுடையோர் தொடவும் மறுக்கின்றனர். இறுதிக் கணத்தில் ஃப்ரோடோவும் தோற்றுப் போகிறான். எறிய மனம் வரவில்லை. கொல்லத்தக்கவன் என்று தெரிந்தும் முன்னர் இரக்கத்தால் உயிரோடு விடப்பட்ட கொல்லம் என்பவன் குறுக்கே பாய்ந்து மோதிரத்தைப் பறிக்க, அதனோடு அவனும் நெருப்பில் வீழ்கிறான். மனித வலிமை முடிந்துபோன இடத்தில், என்றோ காட்டிய இரக்கம் வந்து காக்கிறது. இதில் மந்திரத்தின் புகழ் எங்கே இருக்கிறது? அதிகார வேட்கையைப் பற்றிய எச்சரிக்கையல்லவா இருக்கிறது!

நான்காவது குற்றச்சாட்டு இளைஞர்களுடையது: இலக்கணம் கற்பனைக்குப் பகை. இதற்கு மறுமொழி சொல்வதில் எமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. டோல்கீன் முதலில் மொழிகளை ஆக்கினார். அம்மொழிகளைப் பேசுவோர்க்கு ஓர் உலகம் வேண்டுமே என்றே கதைகளை ஆக்கினார். இதை அவரே வெளிப்படையாக அறிவித்திருக்கிறார். பின்லாந்து மொழியின் சாயலில் 'குவென்யா'. வேல்ஸ் மொழியின் சாயலில் 'சிந்தரின்'. ஒவ்வொன்றுக்கும் ஒலி மாற்ற விதிகள் உண்டு. வேர்ச் சொற்கள் உண்டு.

அவர் கதையில் மலைகளைக் குடைந்து வாழும் குள்ளர் இனம் ஒன்று வருகிறது. அவர்கள் மொழிக்குக் 'குஸ்துல்' என்று பெயர். அம்மொழியை ஹீப்ரு, அரபி முதலிய செமிட்டிக் மொழிகளின் அமைப்பில் ஆக்கியதாக டோல்கீன் கூறினார். ஸர்ஃபு ஓதியவர்கள் இங்குச் சற்று நின்று கவனியுங்கள். குள்ளர் ஒருவர் 'குஸ்த்', பலர் 'கஸாத்'. மெய்கள் மூன்றும் நிலைத்து நிற்க, உயிரொலிகள் மட்டும் இடம் மாறிப் பன்மை பிறக்கிறது. 'ரஜுல்' என்பது 'ரிஜால்' ஆவதும், 'கிதாப்' என்பது 'குதுப்' ஆவதும் இம்முறையில் அல்லவா? நாம் ஜம்உ தக்ஸீர் என்று ஓதும் பாடம் அன்றோ இது! நம் மாணவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு ஒப்பிக்கின்ற ஒரு விதியை இந்த ஆங்கிலப் பேராசிரியர் எடுத்து, அதிலிருந்து ஓர் இனத்தையும், அவர்களுடைய அரண்மனைகளையும், இழந்த நாட்டிற்காக அவர்கள் படும் ஏக்கத்தையும் படைத்துவிட்டார். இலக்கணம் எலும்புக்கூடு என்பது உண்மைதான். எலும்பில்லாத உடல் நிமிர்ந்து நிற்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மறுபக்கம், இலக்கணப் புலவர்களும் இவரிடம் கற்க வேண்டியது உண்டு. 'பேவுல்ஃப்' என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்தை ஆராய்ந்தவர்கள் அதில் வரலாற்றுச் செய்தி உண்டா, பழைய சொல் உண்டா என்று தோண்டிக்கொண்டிருந்தனரே அன்றி, அதைக் கவிதையாக நுகரவில்லை. 1936-இல் பிரிட்டிஷ் அகாடமியில் ஆற்றிய உரையில் டோல்கீன் அவர்களைக் கண்டித்தார். ஒருவன் பழைய கற்களைக் கொண்டு கோபுரம் ஒன்று கட்டினான். அவன் நண்பர்களோ அக்கற்கள் எங்கிருந்து வந்தன என்று அறிவதற்காகக் கோபுரத்தையே இடித்துத் தள்ளினர். அதன் உச்சியில் ஏறி நின்றால் கடல் தெரியும் என்பதை அவர்கள் அறியவில்லை என்று ஓர் உவமைக் கதை சொன்னார். பாட்டின் சுவையை மறந்து பாடபேதத்தில் மூழ்கிக் கிடக்கும் நம் புலவர்கள் சிலர்க்கும் இது பொருந்தும்.

1959-இல் ஓய்வு பெற்றபொழுது ஆற்றிய விடைபெறும் உரையில், தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமக்கு அந்நாட்டின் இனப்பிரிவினைக் கொள்கை மீது வெறுப்பு எலும்பிலேயே ஊறியது என்றார். அதனோடு, மொழியையும் இலக்கியத்தையும் பிரித்து வைப்பதைத் தாம் மிகவும் வெறுப்பதாகச் சொன்னார். இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கூறிய அந்தச் சுவர்தான் அது.

சொல்லாராய்ச்சி மனிதனை நேர்மையின் பக்கம் நிறுத்தும் என்பதற்கு அவர் வாழ்விலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1938-இல் 'ஹாபிட்' நூலை ஜெர்மன் மொழியில் வெளியிட விரும்பிய பதிப்பகம், நாஜி ஆட்சியின் விதிப்படி, ஆசிரியர் ஆரிய வழியினரா என்று கேட்டு எழுதிற்று. டோல்கீன் வெகுண்டார். அவர் எழுதிய மறுமொழி வரைவு இன்றும் உள்ளது. ஆரியம் என்பது இந்திய, ஈரானிய மொழிக்குடும்பத்தைச் சுட்டும் சொல். அம்மொழிகளைப் பேசிய மூதாதையர் தமக்கு இருந்ததாகத் தெரியவில்லை என்று அவர் அதில் கூறுகிறார். நீர் யூதரா என்று கேட்பது உங்கள் நோக்கமாயின், ஆற்றல் வாய்ந்த அம்மக்களில் எனக்கு மூதாதையர் எவரும் இல்லை என்பதற்கு வருந்துகிறேன் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். ஒரு சொல்லின் உண்மைப் பொருளை அறிந்தவனை அச்சொல்லைக் கொண்டு ஏமாற்ற முடியாது. ஜெர்மன் மொழியில் அந்நூல் 1957-இல்தான் வெளிவந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, குறையைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. அவர் கதையில் தீயோனின் கொடியின் கீழ்த் திரள்கின்ற மனிதர்கள் பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகின்றனர். தெற்கத்தியார் கருநிறத்தவர்; யானை போன்ற பெருவிலங்குகள் மீதேறி வருகின்றனர். மேற்கு நன்மைக்கும், தெற்கும் கிழக்கும் தீமைக்கும் என்று பிரிக்கும் பழைய ஐரோப்பியப் பார்வை இங்கு எட்டிப் பார்க்கிறது. இதைப் பூசி மெழுக நாம் ஆயத்தமாக இல்லை. ஆனால் அதே நூலில் மற்றொரு காட்சியும் உண்டு. போரில் மடிந்து வீழ்ந்த தெற்கத்திய வீரன் ஒருவனை ஃப்ரோடோவின் பணியாள் சாம் காண்கிறான். இவன் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தான், மெய்யாகவே தீய நெஞ்சினனா, அல்லது எவருடைய பொய்களும் மிரட்டல்களும் இவனை இவ்வளவு தொலைவு நடக்க வைத்தனவா என்று அவன் எண்ணிப் பார்க்கிறான். சோம் போர்க்களத்தில் நின்றவர் அல்லவா இதை எழுதினார்! நம் பிள்ளைகள் இரண்டையும் படிக்கட்டும்; இரண்டையும் நம்மோடு உட்கார்ந்து பேசட்டும். நூலைப் பறித்துப் பரணில் போட்டால் இந்தப் பேச்சு நடவாது.

பின்னாளில் இவர் வழியில் புறப்பட்டவர் பலர். வரைபடம் ஒன்று, வாள் ஒன்று, வாயில் நுழையாத பெயர்கள் ஒரு நூறு இருந்தால் கதை ஆகிவிடும் என்று எண்ணி நூல்களைக் குவித்தனர். 2001 முதல் 2003 வரை வெளிவந்த திரைப்படங்களின் வழியாகவே டோல்கீனை அறிந்தவர்களும் ஏராளம். வாளோசை அவர்கள் காதில் விழுந்தது. சொல்லின் வேர் விழவில்லை. அத்தகைய போலிகளைக் கண்டு நம் பெரியவர்கள் வெறுப்படைவாராயின் அதில் நாம் குறுக்கிட மாட்டோம். போலி நாணயம் புழங்குகிறது என்பதற்காகப் பொன் நாணயத்தையும் கடலில் எறிய வேண்டுமா என்பதே நம் வினா.

டோல்கீன் 1973 செப்டம்பர் 2-இல் காலமானார். 1916-ஆம் ஆண்டின் நோய்ப் படுக்கையில் தொடங்கிய பெருங்கதையை அவர் முடிக்கவில்லை. எழுதி, அடித்து, மீண்டும் எழுதிய தாள்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அவருடைய மகன் கிறிஸ்டோபர், தாமும் ஆக்ஸ்போர்டில் மொழி போதித்தவர், தம் பணியைத் துறந்து அத்தாள்களின் முன் அமர்ந்தார். 1977-இல் 'சில்மரிலியன்' வெளிவந்தது. 1983 முதல் 1996 வரை பன்னிரண்டு பாகங்களில், தந்தையின் வரைவுகள் எந்த வரிசையில் தோன்றின, எங்கெங்கு மாறின என்பதை விளக்கி வெளியிட்டார். 2020-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறக்கும் வரை அந்த அமானிதத்தை அவர் சுமந்தார். ரிவாயத்தையும் பாடபேதத்தையும் பேணிக் காத்த நூலோர் மரபில் வந்த நமக்கு அந்தப் பணியின் அருமை எளிதில் விளங்கும். பொழுதுபோக்குப் பொய்க்கு எவராவது இப்படி வாழ்நாளை ஈவாரா?

ஆகவே பெற்றோரை நோக்கி ஒன்று சொல்வோம். பிள்ளை கதை படிக்கிறான் என்று அஞ்சாதீர்கள். என்ன கதை, எந்த நோக்கத்தோடு, எத்தகைய உழைப்பில் எழுந்த கதை என்று கேளுங்கள். இரக்கத்தை இகழ்ந்து, வலியவனைத் தொழச் சொல்லும் கதையாயின் தடுங்கள்; அது உண்மை நிகழ்ச்சியாகவே இருந்தாலும் தடுங்கள். எழுத விரும்பும் இளைஞர்களை நோக்கி மற்றொன்று. உங்களுக்கு இரண்டு மொழிச் செல்வங்கள் வாய்த்திருக்கின்றன. ஒரு பக்கம் தமிழ். மறு பக்கம் அரபி. ஒன்றின் புணர்ச்சி விதிகளும் மற்றொன்றின் மூவெழுத்து வேர்களும் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன. அவற்றைக் கசடறக் கற்றுக்கொண்டு பின்னர்க் கற்பனை செய்யுங்கள். நாளை நடத்தப்படும் ஸர்ஃபு பாடத்தில் கொட்டாவி வருமாயின், அந்த வினைத்திரிபு வாய்பாட்டிலிருந்துதான் ஒருவர் ஓர் உலகையே கட்டினார் என்பதை நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருங்கள்.